பந்தைக் கொடுத்தே பிழைத்தவர்: ஜேசன் பிரிக்மனின் கடல் கடந்த கூடைப்பந்து வாழ்க்கை



இந்தத் தடவை வழக்கமான இலக்கணக் குறிப்பும் இல்லை, செய்யுள் விளக்கமும் இல்லை. விளையாட்டுத் துறையைப் பற்றி ஒரு விளக்கக் கட்டுரைக்கான மூலப்பொருள். ஏன் இது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேரித் தீவிலிருந்து பாலம் தாண்டி வந்து படிக்கிற படிவம் ஐந்து மாணவன் ஒருவன், 'நான் விரும்பும் தொழில்' என்ற தலைப்பில் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஆவேன் என்று எழுதியிருந்தான். அமெரிக்கா, என்.பி.ஏ., கோடிக்கணக்கில் சம்பளம், சொகுசுக் கார். மொத்தக் கட்டுரையும் அவ்வளவுதான். நானும் சிவப்புப் பேனாவால் 'இது கனவு, கட்டுரை இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பாடம் முடிந்ததும் வந்து நின்றான். "சார், அமெரிக்காவுல ஆடற எல்லாருமா என்.பி.ஏ.க்குப் போறாங்க? போகாதவங்க எல்லாம் எங்க போறாங்க? அதை எழுதினா கட்டுரை ஆகுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் அவனுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். "அவன் பரீட்சைய விட்டுட்டு பந்து பின்னால போயிடுவான் போல இருக்கு சார். நீங்க சொன்னா கேப்பான்" என்றார். சொல்வதற்கு என்னிடம் அறிவுரை இருந்தது, தகவல் இல்லை. அந்தத் தகவலைத் தேடியபோது கிடைத்தவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர். நமக்குப் பக்கத்திலேயே, கோலாலம்பூரில் ஆடிவிட்டுப் போனவர்.

ஜேசன் பிரிக்மன் 1991-இல் பிறந்தவர். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவைச் சேர்ந்தவர். தாயார் பிலிப்பினோ வம்சாவளி. இந்த ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும். உயரம் ஆறடியைத் தாண்டாது. நம் ஊரில் அது நல்ல உயரம்தான். அமெரிக்கக் கூடைப்பந்தில் அதைக் குள்ளம் என்பார்கள்.

அவர் ஆடிய இடம் 'பாயின்ட் கார்ட்'. கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். அதில் முதல் இடம் இது. பந்தை நம் பக்கத்திலிருந்து எதிரணிப் பக்கத்துக்குத் தட்டிக்கொண்டு போவது, எந்த வியூகம் என்று குரல் கொடுப்பது, யாரிடம் எப்போது பந்தைத் தருவது என்று தீர்மானிப்பது எல்லாம் இவர் வேலை. இரண்டாவது இடம் 'ஷூட்டிங் கார்ட்', தூரத்திலிருந்து கூடைக்குள் போடுபவர். மற்ற மூவரும் பொதுவாக உயரமானவர்கள். கூடைக்கு அருகில் நின்று போராடுவது அவர்கள் பங்கு. கல்யாண வீட்டில் பந்தி நடத்துகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் சாப்பிட உட்கார மாட்டார். எந்த இலைக்கு எது குறைகிறது என்று பார்த்து ஆளை அனுப்புவார். பாயின்ட் கார்ட் அந்த மாதிரி ஆள்.

இவருடைய வேலையை அளக்கிற கணக்குக்கு 'அசிஸ்ட்' என்று பெயர். நீங்கள் கொடுத்த பந்தை வாங்கியவர் அதைக் கொண்டு உடனே கூடைக்குள் போட்டால், புள்ளி அவருக்கு, அசிஸ்ட் உங்களுக்கு. தமிழில் 'புள்ளிக்கு உதவிய பந்து' என்று ஒரு தடவை விளக்கிவிட்டு, அப்புறம் 'அசிஸ்ட்' என்றே எழுதலாம் என்பது என் கருத்து. வலிந்து ஒரு சொல்லை உருவாக்கினால் திருத்துகிற ஆசிரியருக்கே புரியாமல் போய்விடும்.

பிரிக்மன் 2010 முதல் 2014 வரை நியூயார்க்கில் உள்ள லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் புருக்ளின் அணிக்காக ஆடினார். அது பெரிய பெயர் பெற்ற அணி அல்ல. ஆனால் 2011, 2012, 2013 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தன் வட்டாரப் போட்டியில் வென்று தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. பல்கலைக்கழக விளையாட்டின் உச்சப் பிரிவில் 2012-13 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக அதிக அசிஸ்ட் கொடுத்தவர் பிரிக்மன். அடுத்த பருவத்திலும் அவரேதான், சராசரி 10. ஒரு அசிஸ்டுக்குக் குறைந்தது இரண்டு புள்ளி என்று வைத்தால், ஒவ்வோர் ஆட்டத்திலும் அணியின் 20 புள்ளிக்கு மேல் இவர் கையிலிருந்து புறப்பட்டிருக்கிறது. அவரே போட்ட புள்ளிகள் தனி. நான்கு ஆண்டில் மொத்தம் 1,009 அசிஸ்ட். அந்தப் பிரிவின் வரலாற்றில் ஆயிரத்தைத் தொட்ட நான்காவது ஆள். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் பாபி ஹர்லி (1,076), கிறிஸ் கோர்கியானி (1,038), எட் கோட்டா (1,030). மூவரும் புகழ்பெற்ற, பணபலம் உள்ள பல்கலைக்கழகங்களில் ஆடியவர்கள்.

இப்படிப்பட்டவரை என்.பி.ஏ. வரவேற்றிருக்கும் என்றுதான் நாம் நினைப்போம், இல்லீங்களா? 2014-இல் நடந்த தேர்வில் 60 பேரை எடுத்தார்கள். அதில் பிரிக்மன் இல்லை.

இந்த இடத்தில் மாணவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்த உச்சப் பிரிவில் சுமார் 350 பல்கலைக்கழக அணிகள். அணிக்குப் பன்னிரண்டு பேர் என்று குறைத்து வைத்தாலும் நாலாயிரத்துக்கு மேல் ஆட்டக்காரர்கள். என்.பி.ஏ.வில் 30 அணிகள், அணிக்கு ஏறக்குறைய 15 பேர், ஆக 450 இடம். அந்த 450 இடமும் ஆண்டுதோறும் காலியாவதில்லை. தேர்வாகும் 60 பேரிலும் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறவர்கள் உண்டு. மீதமுள்ளவர்கள் என்ன செய்வார்கள்? பலர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். ஆடியே தீருவேன் என்பவர்கள் விமானம் ஏறுகிறார்கள். துருக்கி, ஸ்பெயின், இஸ்ரேல், சீனா, ஜப்பான், லெபனான் என்று கூடைப்பந்துக்குச் சம்பளம் தருகிற நாடுகள் ஏராளம்.

பிரிக்மன் முதலில் போனது ரஷ்யாவுக்கு, டைனமோ மாஸ்கோ அணிக்கு. டெக்சஸ் வெயிலில் வளர்ந்த பையன் மாஸ்கோ பனியில் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கலாம். ஆனால் தட்பவெப்பத்தைவிடப் பெரிய மாற்றம் ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. இதை யாரும் பள்ளிக் கட்டுரையில் எழுதுவதில்லை. எழுதினால் மற்ற தாள்களிலிருந்து உங்கள் தாள் தனியாகத் தெரியும்.

அவர் படித்த காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்டம் இருபது நிமிடமாக இரண்டு பாதி. பந்து கைக்கு வந்தால் 35 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி ஆட்டம் பத்து நிமிடமாக நான்கு கால்பகுதி, எறிவதற்குக் கிடைப்பது 24 விநாடி. பாதிக் கோட்டைத் தாண்டப் பல்கலைக்கழகத்தில் 10 விநாடி, இங்கே 8. மூன்று புள்ளிக் கோடு அங்கே 6.32 மீட்டர், இங்கே 6.75. எண்களாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். ஆனால் யோசித்து முடிவெடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஆளுக்கு, யோசிக்கக் கிடைத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. உங்களுக்கு இரண்டு மணி நேரத் தாளை ஒரு மணி இருபது நிமிடத்தில் எழுதச் சொன்னால் எப்படி? அது மாதிரி. உயரமான ஆளுக்கு உயரம் எந்த நாட்டிலும் உயரம்தான். கார்ட் ஆடுகிறவர் புது நாட்டில் புது வேகத்தையும் புதுத் தோழர்களின் பழக்கத்தையும் மறுபடி கற்க வேண்டும். யார் எந்தக் கையால் பந்தைப் பிடிப்பார், யாருக்கு மார்பு உயரத்தில் வேண்டும், யாருக்குத் தரையில் குத்தி அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் பழகியே தெரியும்.

இனி மலேசியாவுக்கு வருவோம்.

ஆசியான் கூடைப்பந்து லீக் 2009-இல் தொடங்கியது. முதல் பருவத்தில் ஆறு அணிகள், அதில் ஒன்று கோலாலம்பூர் டிராகன்ஸ். பிறகு வெஸ்ட்போர்ட்ஸ் ஆதரவில் 'வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ்' என்று பெயர் மாறியது. வெஸ்ட்போர்ட்ஸ் என்றால் கேரித் தீவுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்த தீவான புலாவ் இண்டாவில் இருக்கிற துறைமுகம். கன்டெய்னர் லாரி ஓட்டுகிற அப்பாக்களையும் அண்ணன்களையும் கேட்டால் வழி சொல்வார்கள். அந்தத் துறைமுகத்தின் பெயர் போட்ட சட்டையோடுதான் 2015-16 பருவத்தில் பிரிக்மன் ஆடினார்.

எப்படி உள்ளே வந்தார் என்பதுதான் முக்கியம். வெளிநாட்டு லீக் எதுவானாலும் வெளியாட்களுக்கு ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் உள்ளூர்ப் பிள்ளைகள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆசியான் லீக்கில் 'உலக வெளியாட்டக்காரர்' என்று ஒரு வகை, தென்கிழக்காசிய வேர் உள்ளவர்களுக்கு 'வம்சாவளி ஆட்டக்காரர்' என்று இன்னொரு வகை இருந்தன. உலக வகையில் கிடைத்த ஓரிரு இடத்தை அணிகள் பெரும்பாலும் யாருக்குக் கொடுத்தன? இந்த வட்டாரத்தில் கிடைக்காத சரக்குக்கு. அதாவது, மிக உயரமானவர்களுக்கு. டிராகன்ஸ் அணியிலும் அப்படித்தான். ரெஜி ஜான்சன், கால்வின் காட்ஃப்ரி என்ற இரண்டு பெரிய உடல்வாகு ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆறடிக்கு உட்பட்ட அமெரிக்க கார்ட் ஒருவருக்கு அந்த வாசல் திறப்பது அபூர்வம். பிரிக்மனுக்குத் தாயாரின் பிலிப்பினோ வேர் இரண்டாவது வாசலைத் திறந்தது. கனடாவில் வளர்ந்த பிலிப்பினோ வம்சாவளியான மேத்யூ ரைட் என்பவரும் அதே அணியில் அதே வழியாக வந்தவர். பயிற்றுநர் ஏரியல் வாங்கார்டியாவும் பிலிப்பீன்ஸ்காரர்.

திறமை மட்டும் இருந்தால் போதும் என்று மேடையில் பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன். பிரிக்மன் கதை அப்படிச் சொல்லவில்லை. ஆயிரம் அசிஸ்ட் கொடுத்தவருக்கும் கடவுச்சீட்டும் அம்மாவின் பிறப்பும் கணக்கில் வந்திருக்கின்றன. அதே நேரம், வேர் இருந்தும் திறமை இல்லாவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். ரெண்டும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கிறது.

அந்தப் பருவத்தின் இறுதிச்சுற்று 2016-இல் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் அணியுடன் நடந்தது. ஐந்து ஆட்டத் தொடர் கடைசி ஆட்டம் வரை போனது. 3-2 என்று டிராகன்ஸ் வென்றது. பக்கத்து நாட்டை வென்று கிண்ணம் எடுத்த அணியைப் பற்றி நம் வகுப்பறைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் வகுப்பில் கேட்டேன், ஒரு கையும் எழவில்லை. கூடைப்பந்து சீனப்பள்ளிகளின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிறோம். நமக்குக் காற்பந்தும் வலைப்பந்தும் திடல்தடமும் போதும் என்றாகிவிட்டது. சத்தியசீலன் குப்புசாமி, குகனேஸ்வரன் பத்துமலை என்ற இரண்டு மலேசியத் தமிழர்கள் டிராகன்ஸ் சட்டையும் அணிந்திருக்கிறார்கள், நாட்டுக்காகவும் ஆடியிருக்கிறார்கள். இந்தப் பெயர்களை வகுப்பில் சொல்லிப் பாருங்கள் ஆசிரியர்களே. எங்கோ டெக்சஸில் பிறந்தவர் கதை அப்போதுதான் பையன்களுக்குக் கிட்டே வரும்.

கிண்ணம் வென்ற அணியிலேயே பிரிக்மன் நிலைத்துவிட்டாரா என்றால், இல்லை. தாய்லாந்துக்குப் போனார். அங்கே மோனோ வாம்பையர் அணியோடு 2018-இல் ஆசியான் லீக்கின் இறுதிச்சுற்று வரை வந்து, பிலிப்பீன்ஸின் ஆலாப் அணியிடம் 3-2 என்று தோற்றார். பிறகு அவரைத் தோற்கடித்த அதே ஆலாப் அணிக்கே 2019-20 பருவத்தில் ஆடப் போனார். அந்தப் பருவம் கோவிட் பெருந்தொற்றால் முடிவடையாமலே ரத்தானது. அடுத்து தைவான். காவ்சியுங் அக்குவாஸ் அணியில் சேர்ந்து, 2022-இல் அங்கிருந்த டி1 லீக்கின் கிண்ணத்தைத் தொட்டார். 2014 தொடங்கி எட்டு ஆண்டுக்குள் ரஷ்யா, மலேசியா, தாய்லாந்து, பிலிப்பீன்ஸ், தைவான்.

இப்படி மாறிக்கொண்டே இருப்பதை ஒழுங்கீனம் என்று நினைக்காதீர்கள். இந்தத் தொழிலின் அமைப்பே அதுதான். ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு பருவத்துக்குத்தான், சில சமயம் சில மாதத்துக்கு மட்டும். வீடும் விமானச் சீட்டும் அணி கொடுப்பது வழக்கம். ஆனால் அணி நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் முதலில் மாற்றப்படுவது வெளியாள். காலில் அடிபட்டால் அடுத்த ஒப்பந்தமே கேள்விக்குறி. லீக் நின்றுபோனால், கோவிட் சமயத்தில் நடந்த மாதிரி, ஒரே நாளில் வேலை போகும். சம்பளம் பாக்கி வைக்கிற அணிகளும் உலகத்தில் உண்டு. அதற்காகவே ஃபிபா ஒரு நடுவர் மன்றத்தை ஜெனீவாவை மையமாக வைத்து நடத்துகிறது. ஒப்பந்தத்தில் அந்த மன்றத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தால் ஆட்டக்காரர் அங்கே முறையிடலாம். தீர்ப்பை மதிக்காத அணி புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யத் தடை வரும். 'எழுதப்பட்டிருந்தால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வாய்வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவருக்கு எத்தனை அசிஸ்ட் இருந்தும் பயன் இல்லை. அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதைத்தான். "அவன் பந்து ஆடப் போனாலும் படிச்சாத்தாம்மா ஆக முடியும். ஒப்பந்தம் தமிழ்ல வராது, ஆனா வாசிச்சுப் புரிஞ்சுக்கிற பழக்கம் இங்க இருந்துதான் வரும்."

இதற்கு நேர்மாறான ஒரு வழியும் உண்டு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியின் தலைவியாக இருந்தவர், 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவர் தென்னக ரயில்வேயில் பணியாற்றியவர். இந்தியாவில் நெடுங்காலமாக ரயில்வே போன்ற நிறுவனங்கள் ஆட்டக்காரர்களுக்கு நிரந்தர வேலை கொடுத்து ஆடவைக்கின்றன. அதில் பெரும்பணம் இல்லை, ஆனால் ஆட்டம் நின்ற பிறகும் மாதச் சம்பளம் உண்டு. பிரிக்மன் வழியில் அது கிடையாது. எது நல்லது என்று கேட்டால், பையனின் வீட்டு நிலைமையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கட்டுரையில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் விளக்கக் கட்டுரைக்கு நல்ல எடை கிடைக்கும்.

மாணவர்களுக்கு எழுதும் முறை பற்றி ஒன்றிரண்டு. 'உலகப் புகழ் பெற்ற', 'ஈடு இணையற்ற' என்றெல்லாம் அடைமொழி போட வேண்டாம். பிரிக்மன் உலகப் புகழ் பெற்றவர் அல்ல, அதனால்தான் அவரைப் பற்றி எழுதுவதில் பொருள் இருக்கிறது. '1,009' என்ற எண் எந்த அடைமொழியைவிடவும் வேலை செய்யும். எண் எழுதினால் அது எதன் எண் என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள். அணிகளின் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் கடைசிவரை எழுதுங்கள். முதல் பத்தியில் 'டிராகன்ஸ்', மூன்றாவது பத்தியில் 'டிராகன்கள்' என்றால் இரண்டு அணி என்று தோன்றும். 'விளையாட்டாளர்', 'ஆட்டக்காரர்' இரண்டும் சரி, ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கு: வகுப்பில் ஐந்து பேரை நிற்க வைத்து, பந்துக்குப் பதில் ஒரு காகித உருண்டையைக் கொடுத்து, 24 விநாடிக்குள் நான்கு பேர் கைமாறி ஐந்தாவது ஆள் குப்பைத்தொட்டியில் போடச் சொல்லுங்கள். முதல் சுற்றில் எல்லோரும் தானே எறியப் பார்ப்பார்கள். மூன்றாவது சுற்றில் யாரோ ஒரு பிள்ளை மற்றவர்களைப் பார்க்க ஆரம்பிக்கும். அதன் பிறகு 'அசிஸ்ட்' என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் சத்தம் அதிகமாகி அடுத்த அறை ஆசிரியை எட்டிப் பார்த்தார், அதற்குத் தயாராக இருங்கள்.

அந்த மாணவன் இரண்டாவது வரைவைக் கொண்டுவந்தான். தலைப்பு அதேதான், நான் விரும்பும் தொழில். காரும் கோடியும் போயிருந்தன. ஒப்பந்தம், காயம், வெளியாட்களுக்கான வரம்பு எல்லாம் வந்திருந்தன. இத்தனையும் தெரிந்த பிறகும் ஆட்டக்காரர் ஆகவே விரும்புகிறேன் என்றுதான் முடித்திருந்தான். சிவப்புப் பேனாவில் இந்தத் தடவை 'வரம்பு' என்ற சொல்லில் இருந்த றகர ரகரப் பிழையை மட்டும் திருத்தினேன். தேர்வு நடக்கும் வாரத்தில் கிள்ளானில் ஒரு ஆட்டத் தெரிவு இருக்கிறதாம். சனிக்கிழமை. அன்று அவனுக்குத் தாள் இல்லை என்று அட்டவணையை என்னிடம் காட்டிவிட்டுப் போனான். திங்கட்கிழமை என்ன தாள் என்று நான் கேட்டேன். கணிதமாம்.